கப்பல் கேட்கும் குடிமக்கள்: கடற்படைக்காக ஊர் திரள்வது ஏன், எப்படி?

1798-ல் பிலடெல்பியா நகரத்து வியாபாரிகள் ஒரு கப்பலுக்குப் பணம் திரட்டினார்கள். சரக்கு ஏற்றும் கப்பல் இல்லை, பீரங்கி வைத்த போர்க்கப்பல். வரி என்று யாரும் வந்து கேட்கவில்லை. கோயில் தேருக்கு ஊர் கூடிப் பணம் போடுவதைப்போல, அவர்களாகவே பட்டியல் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள்.

அப்போது அமெரிக்கா சின்னஞ்சிறு நாடு. விடுதலைப் போரில் மிஞ்சியிருந்த கடைசிப் போர்க்கப்பலையும் 1785-ல் விற்றுவிட்டது. கடற்படை எதற்கு, வீண் செலவு என்ற எண்ணம்தான் அன்று பலருக்கு இருந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் நடுக்கடலில் அமெரிக்க வணிகக் கப்பல்களை நூற்றுக்கணக்கில் மடக்கிப் பிடிக்கத் தொடங்கியதும் அந்த எண்ணம் மாறியது. 1794-லேயே ஆறு போர்க்கப்பல்கள் கட்டச் சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் அவை போதவில்லை, கஜானாவிலும் காசில்லை. அப்போதுதான் துறைமுக ஊர்கள் தாமாகவே கிளம்பின. நியூபரிபோர்ட், சேலம், பாஸ்டன், நியூயார்க், பால்டிமோர், சார்ல்ஸ்டன், பிலடெல்பியா என்று ஊருக்கொரு சந்தாப் பட்டியல் போட்டார்கள். (சேலம் என்றதும் நம்மூரை நினைக்க வேண்டாம், இது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது.)

இப்படிக் கட்டிய கப்பல்களைக் குடியரசுத் தலைவர் ஏற்றுக்கொள்ளலாம் என்று 1798 ஜூனில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் இயற்றியது. பணம் கொடுத்தவர்களுக்கு 6 சதவீத வட்டிக்கு அரசுக் கடன்பத்திரம். அதாவது இது நன்கொடை இல்லை, கடன். ஆனால் அதே காலத்தில் அரசு வெளியே 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த 2 சதவீத வித்தியாசம்தான் இவர்களின் தேசபக்தி என்று வைத்துக்கொள்ளலாம். சொந்தச் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ளும் சுயநலமும் அதில் கலந்திருந்தது. இரண்டும் சேர்ந்து வருவதுதான் இந்த விஷயத்தின் இயல்பு. அதைப் பின்னால் பார்ப்போம்.

பிலடெல்பியாக்காரர்களின் கப்பல் 1799 நவம்பரில் தண்ணீரில் இறங்கியது. ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நான்கே ஆண்டில், 1803 அக்டோபரில், அப்போது அமெரிக்காவோடு போரில் இருந்த வட ஆப்பிரிக்கத் திரிப்போலிக்கு வெளியே அது பாறையில் ஏறிச் சிக்கி, முந்நூற்றுச் சொச்சம் மாலுமிகளோடு எதிரியிடம் பிடிபட்டது. எதிரி அதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்று 1804 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படையினரே இரவில் புகுந்து கொளுத்திவிட்டார்கள். ஊர் கூடிக் கட்டிய தேர் கரிக்கட்டையானது.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். பிலடெல்பியாவும் வைக்கவில்லை. ஏனென்றால் கப்பல் போனாலும் கப்பல் கட்டத் தெரிந்த ஆட்கள் ஊரில் இருந்தார்கள். 1801-லேயே அரசு அங்கே ஒரு கடற்படைக் கப்பல் தளத்தை நிறுவியிருந்தது. இந்தக் கட்டுரை சொல்லவருவதன் பாதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

சரி, இது என்ன வேலை?

கடற்படை வேண்டும், அதைக் கட்டக் கப்பல் தளம் வேண்டும் என்று, சீருடை அணியாத சாதாரண மக்கள் அரசை நெருக்குவதைத்தான் இங்கே பேசுகிறோம். இது கடற்படையின் வேலை இல்லை. கடற்படை அதிகாரி பட்ஜெட்டைப் பற்றித் தெருவில் கூட்டம் போட முடியாது, அவர் அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். கட்சிகளின் வேலையும் இல்லை. கட்சிக்குத் தேர்தல் முடிந்தால் அடுத்த தேர்தல்தான் கண்ணில் தெரியும், ஒரு நீர்மூழ்கிக் கப்பலோ கட்டி முடிக்க ஆறேழு ஆண்டு எடுக்கும். இந்த இடைவெளியில்தான் குடிமக்கள் சங்கங்கள் வந்து உட்கார்கின்றன.

இதற்கென்றே நிரந்தரமாகச் சங்கம் வைப்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவிய பழக்கம். பிரிட்டனில் 1890களின் நடுவில் நேவி லீக் என்ற கடற்படைச் சங்கம் தோன்றியது. 1898-ல் ஜெர்மனியில் ஃப்ளோட்டன்ஃபெராய்ன், அதாவது அவர்களின் கடற்படைச் சங்கம். 1902-ல் அமெரிக்க நேவி லீக், இதற்கு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆசி இருந்தது. இவை செய்த வேலைகள் பெரும்பாலும் ஒன்றுதான்: பத்திரிகை நடத்துவது, பள்ளிகளில் சொற்பொழிவு, நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம், கடற்படை நாள் கொண்டாட்டம். அமெரிக்காவில் 1922-ல் தொடங்கிய கடற்படை நாளுக்கு அக்டோபர் 27-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அது ரூஸ்வெல்ட்டின் பிறந்தநாள். அமெரிக்க லீக் இன்றும் இயங்குகிறது.

இந்தச் சங்கங்கள் அரசோடு எப்போதும் கொஞ்சிக் குலாவின என்று நினைக்க வேண்டாம். 1917-ல், நாடே முதல் உலகப் போரில் இருக்கும்போது, அமெரிக்க நேவி லீக்குக்கும் கடற்படை அமைச்சர் ஜோசஃபஸ் டேனியல்ஸுக்கும் பெரிய சண்டை மூண்டது. கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் கடற்படைத் தளத்தில் நடந்த வெடிவிபத்தின் விசாரணையை அமைச்சர் தடுக்கிறார் என்று லீக் குற்றம்சாட்டியது. அமைச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. லீக்கின் ஆட்கள் கடற்படைக் கப்பலிலும் தளத்திலும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அந்தச் சங்கத்தின் பெண்கள் மாலுமிகளுக்காகப் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டைகள்கூட வேண்டாம் என்றார். குளிரில் நடுங்கிய மாலுமியை யாராவது கேட்டார்களா, தெரியாது.

பயம் நல்ல வியாபாரி

இந்த இயக்கங்களின் உச்சகட்டம் என்றால் 1909-ம் ஆண்டு பிரிட்டன்தான். ஜெர்மனி ரகசியமாக, வேகமாக, புதுவகைப் பெரும் போர்க்கப்பல்களைக் கட்டுகிறது என்று பீதி பரவியது. கடற்படை அமைச்சர் மெக்கென்னா ஆறு கப்பல் கேட்டார். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜும் சர்ச்சிலும் நான்கு போதும் என்றார்கள். வீதியில் மக்கள் எழுப்பிய கோஷமோ, எட்டு வேண்டும், காத்திருக்க மாட்டோம் என்பது. கடைசியில் எத்தனை கட்டினார்கள்? எட்டு. கடற்படை ஆறு கேட்டது, சிக்கனக்காரர்கள் நான்கு தந்தார்கள், சமரசமாக எட்டில் வந்து நின்றோம் என்று சர்ச்சில் பின்னாளில் கிண்டலாக எழுதினார்.

1912 வந்தபோது ஜெர்மனியிடம் இருந்த கப்பல்கள் அந்தப் பீதிக்கணக்கைவிடக் குறைவாகவே இருந்தன. அதற்காக அந்த எட்டுக் கப்பலும் வீண் என்று சொல்ல முடியாது, 1914-ல் போர் வந்தபோது அவை தேவைப்பட்டன. ஆனால் மக்களைத் திரட்டியது சரியான கணக்கு இல்லை, பயம். யாராவது எதிரியின் கப்பல் எண்ணிக்கையைச் சொல்லி உங்களை எழுப்பப் பார்த்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

யார் பணம் என்ற கேள்வியும் உண்டு. ஜெர்மன் சங்கத்தின் தொடக்கத்தில் க்ருப் நிறுவனத்தின் கை ஆழமாக இருந்தது. க்ருப் என்றால் கப்பலுக்கு இரும்புக் கவசத் தகடும் பீரங்கியும் செய்த ஆலை. சங்கத்தின் முதல் செயலாளரே க்ருப்புக்குச் சொந்தமான நாளிதழின் ஆசிரியர். விஷயம் வெளியே வந்து நாறியதும் 1899-ல் அவர் விலக வேண்டியிருந்தது. அப்புறமும் சங்கம் வளர்ந்தது. இணைந்த அமைப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1914-க்குள் பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். அத்தனை பேரும் க்ருப்பின் கூலியாட்கள் இல்லை. பள்ளி ஆசிரியர்கள், கடைக்காரர்கள், குழந்தைக்கு மாலுமிச் சட்டை தைத்துப் போட்ட அம்மாக்கள். ஒரு கோரிக்கையால் சிலருக்கு லாபம் வருகிறது என்பதாலேயே அது பொய்க் கோரிக்கை ஆகிவிடாது. ஆனால் லாபம் பார்ப்பவர் யார் என்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. அமெரிக்க நேவி லீக்கின் மேலும் இதே குற்றச்சாட்டு வந்தது. 1915 வாக்கில் கிளைட் டேவனர் என்ற காங்கிரஸ் உறுப்பினர், லீக்கைத் தொடங்கியவர்களில் இரும்பு ஆலை முதலாளிகள் யார் யார் என்று அவையிலேயே படித்துக் காட்டினார்.

இதற்கு நேர்மாறான கதை சுவீடனுடையது. 1911-ல் புதிதாக வந்த கார்ல் ஸ்டாஃப் அரசு, திட்டமிட்டிருந்த ஒரு கவசக் கப்பலை வேண்டாம் என்று நிறுத்தியது. 1912 தொடக்கத்தில் ஒரு வசூல் இயக்கம் கிளம்பியது. ஒரு கோடியே இருபது லட்சம் குரோனர் தேவை. மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அதைவிட அதிகமாகவே சேர்ந்துவிட்டது. அரசு அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு கப்பலைக் கட்டியது. நாட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தேர்தல் வழியாக வந்த அரசு எடுத்த முடிவை, காசு வைத்திருப்பவர்கள் வசூல் செய்து மாற்றலாமா? எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. ஆனால் சிறு தொகை போட்டவர்கள் ஏராளம் என்பதையும் மறைக்க முடியாது.

துருக்கியில் இதே கதை சோகமாக முடிந்தது. 1909-ல் தொடங்கிய கடற்படைச் சங்கம் ஊர் ஊராகப் பணம் சேர்த்தது. அந்தப் பணமும் சேர்ந்துதான் பிரிட்டனில் இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் தயாராயின. 1914 ஆகஸ்டில், வாங்கிப்போக மாலுமிகளே வந்து நிற்கும்போது, பிரிட்டன் அவற்றைத் தன் கடற்படைக்கே எடுத்துக்கொண்டது. ஏழைகள் போட்ட காசு போயிற்றே என்று துருக்கி கொதித்தது. அந்தக் கொதிப்பில் ஜெர்மனி தன் இரண்டு கப்பல்களைக் கொடுத்து நண்பனாகியது. பணம் இருந்தது, மக்கள் ஆதரவு இருந்தது, சொந்தக் கப்பல் தளம்தான் இல்லை.

நம் பக்கத்தில் இதை வ.உ.சி. கதையோடு சேர்த்துப் பார்க்கலாம். 1906-ல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி போர்க்கப்பலுக்கானது இல்லை, பயணிக்கும் சரக்குக்கும் உரியது. ஆனால் மக்களிடம் 25 ரூபாய்ப் பங்காகத் திரட்டிய கப்பல் அது. கட்டணக் குறைப்புப் போட்டி, 1908-ல் வ.உ.சி.யின் கைது, 1911-ல் கம்பெனி கலைப்பு என்று அது எப்படி முடிந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கப்பல்களும் வெளிநாட்டில் வாங்கியவைதான். இந்தியாவில் புதுக்காலப் பெருங்கப்பல் கட்டும் தளம் என்று ஒன்று வர, 1941-ல் விசாகப்பட்டினத்தில் வால்சந்த் ஹிராசந்தின் சிந்தியா கம்பெனி அடிக்கல் நாட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே கட்டிய முதல் கப்பல் ஜல உஷா, 1948-ல் நேரு கையால் கடலில் இறங்கியது.

தேர் இழுக்க ஆள் உண்டு, தச்சனுக்கு வேலை?

இதுதான் கட்டுரையின் நடு மையம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கப்பல் தளம் என்றால் பலரும் மனத்தில் பார்ப்பது ஒரு பெரிய கிரேனும் தண்ணீர் வற்ற வைக்கும் உலர்துறையும். அவை சொத்துதான், ஆனால் இரும்புச் சொத்து. பூட்டி வைத்தால் இருபது வருஷம் கழித்தும் ஓரளவு கிடக்கும். உண்மையான சொத்து அங்கே வேலை செய்பவர்கள். நீர்மூழ்கியின் உடற்கூட்டைப் பற்றவைக்கும் வெல்டர், குறுகிய அறைக்குள் வளைந்து நெளிந்து போகும் குழாய்களைப் பொருத்துபவர், மின்வடம் இழுப்பவர், வரைபடத்தைப் படித்து எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று தெரிந்த மேஸ்திரி. இப்படி ஒருவர் தேர்ந்து வர ஆண்டுகள் ஆகும். அவரைப் பூட்டி வைக்க முடியாது. இரண்டு வருஷம் ஆர்டர் இல்லையென்றால் அவர் எண்ணெய்க் கிணற்றுக்கோ பாலம் கட்டும் வேலைக்கோ போய்விடுவார். போனவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

பிரிட்டனில் பாரோ என்ற ஊர் இதற்கு உதாரணம். அணுசக்தி நீர்மூழ்கிகள் கட்டும் ஊர் அது. வான்கார்ட் வகை நீர்மூழ்கிகள் முடிந்து அஸ்டியூட் வகை தொடங்குவதற்குள் நீண்ட இடைவெளி விழுந்தது. 13,000 பேர் வேலை செய்த தளத்தில் ஏறத்தாழ 3,000 பேர்தான் மிஞ்சினார்கள். அஸ்டியூட் தொடங்கியபோது எப்படிக் கட்டுவது என்பதையே பாதி மறந்திருந்தார்கள். தாமதம், கூடுதல் செலவு, கடைசியில் அமெரிக்காவின் எலெக்ட்ரிக் போட் தளத்திலிருந்து ஆட்களை வரவழைத்து உதவி கேட்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் பாரோவின் தொழிற்சங்கங்கள் நடத்திய இயக்கத்தின் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்: எங்கள் எதிர்காலம் மிதந்துகொண்டே இருக்கட்டும். அவர்கள் கேட்டது ஒரேயொரு கப்பலை இல்லை, ஆர்டருக்கும் ஆர்டருக்கும் நடுவே பள்ளம் விழக் கூடாது என்பதைத்தான்.

இப்போது பிலடெல்பியாவுக்குத் திரும்புவோம். 1801-ல் தொடங்கிய அந்தக் கடற்படைத் தளத்தில் இரண்டாம் உலகப் போரின்போது 40,000 பேர் வேலை பார்த்தார்கள். நியூ ஜெர்சி, விஸ்கான்சின் என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் அங்கேதான் பிறந்தன. அந்தக் காலத்து அமெரிக்காவின் வேகத்தை இன்று நம்புவது கடினம். லிபர்ட்டி என்ற ஒரே மாதிரிச் சரக்குக் கப்பலை மட்டும் 2,710 எண்ணிக்கையில் கட்டினார்கள். 1942 நவம்பரில் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் அதில் ஒன்றை நாலரை நாள் சொச்சத்தில் நிறுத்திக் காட்டினார்கள், அது விளம்பரத்துக்காகச் செய்ததுதான் என்றாலும்.

அப்புறம் என்ன ஆயிற்று? பல காரணங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் கூலி அதிகம், ஆகவே கப்பல் விலையும் அதிகம். வெளிநாட்டு விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை 1936-ம் ஆண்டுச் சட்டப்படி அரசே கொடுத்துவந்தது. 1981-ல் ரீகன் அரசு வந்ததும் அந்த மானியத்தை நிறுத்தியது. அதே அரசு கடற்படையை 600 கப்பலாக்குவோம் என்றும் சொன்னது, 1987-ல் 594 வரை போயும்விட்டது. ஆக, தளங்கள் வணிகக் கப்பலை விட்டுவிட்டுக் கடற்படை ஆர்டரை மட்டும் நம்பத் தொடங்கின. 1991-ல் பனிப்போர் முடிந்ததும் அந்த ஆர்டரும் சுருங்கியது. ஒற்றைக் காலில் நின்றவர்கள் விழுந்தார்கள். இன்று அமெரிக்கக் கடற்படையிடம் இருப்பது 300-க்குச் சற்றுக் குறைவான கப்பல்கள். வணிகக் கப்பல் கட்டுவதில் உலகின் பாதிக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது, அமெரிக்காவின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இரண்டு ஊர்கள், இரண்டு போராட்டங்கள்

பிலடெல்பியா தளத்தை மூடலாம் என்று 1991-ல் பரிந்துரை வந்தது. தொழிலாளர்களும் சங்கங்களும் பென்சில்வேனியா அரசியல்வாதிகளும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் தானே எழுந்து நின்று வாதாடினார். 1994 மே மாதம் தீர்ப்பு வந்தது: இந்த முடிவு நீதிமன்றம் தலையிடும் விஷயம் இல்லை. 1990களின் நடுவில் கதவு சாத்தப்பட்டது.

பத்தாண்டு கழித்து, 2005 மே மாதம், பென்டகன் மூட நினைத்த பட்டியலில் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளம் இருந்தது. பெயர் நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத், நிலம் இருப்பதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெய்ன் மாநிலத்தின் கிட்டரியில். அந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று இரு மாநிலங்களும் உச்ச நீதிமன்றம்வரை போய் அடித்துக்கொண்டவை. தளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் ஒன்று சேர்ந்தன. ஊர் மக்கள் ‘எங்கள் தளத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். ஆனால் அவர்களை ஜெயிக்க வைத்தது சட்டை என்று நான் நினைக்கவில்லை. நீர்மூழ்கிகளைப் பழுதுபார்ப்பதில் இந்தத் தளம் சொன்ன நாளுக்கு முன்பே, சொன்ன செலவுக்குள் முடிக்கிறது, மூடினால் மிச்சமாகும் என்று நீங்கள் போட்ட கணக்கு தப்பு என்று, மூடும் பட்டியலைப் பரிசீலிக்கும் ஆணையத்தின் முன் தாள் தாளாக வைத்தார்கள். 2005 ஆகஸ்டில் ஆணையம் அந்தத் தளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இன்றும் அங்கே நீர்மூழ்கிகள் வந்துபோகின்றன.

இரண்டு ஊர்களின் சூழ்நிலையும் ஒன்றல்ல, ஒப்பிடும்போது அது நினைவில் இருக்கட்டும். இருந்தாலும் உணர்ச்சியைக் கூட்டத்துக்கும் கணக்கை ஆணையத்துக்கும் பிரித்துக் கொடுத்தது கிட்டரிக்காரர்களின் சாமர்த்தியம்.

சமீபத்திய உதாரணம் தொழிற்சங்கங்களுடையது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஐந்து தொழிற்சங்க அமைப்புகள், எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையில், அரசின் வணிகப் பிரதிநிதி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தன. சீனா தன் கப்பல் தளங்களுக்குக் கொடுக்கும் சலுகைகள் நியாயமற்றவை, விசாரியுங்கள் என்று. வணிகச் சட்டத்தின் 301-ம் பிரிவின்கீழ் சம்பந்தப்பட்ட யார் வேண்டுமானாலும் இப்படி மனு கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத வழி. விசாரணை நடந்து, ஆமாம் நியாயமற்றவைதான் என்று 2025 ஜனவரியில் முடிவு வந்தது. சீனத் தொடர்புள்ள கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்தால் கட்டணம் என்ற விதி 2025 அக்டோபர் 14-ல் அமலானது. ஒரு மாதம்கூட ஓடவில்லை. இரு நாட்டு அதிபர்களும் பேசி முடித்ததும் நவம்பர் 10 முதல் ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார்கள். மனு கொடுத்தவர்களின் ஒன்றரை வருஷ உழைப்பு, ஒரு சந்திப்பின் பேரத்தில் அலமாரிக்குள் போனது.

இன்னொரு பாதை நேராகச் சட்டம் கேட்பது. 2024 டிசம்பரில் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து ஒரு கப்பல் மசோதாவைக் கொண்டுவந்து, 2025 ஏப்ரலில் மறுபடி அறிமுகம் செய்தார்கள். செனட்டில் மார்க் கெல்லியும் டாட் யங்கும் முன்னின்றார்கள். பத்தாண்டில் அமெரிக்கக் கொடியோடு ஓடும் 250 வணிகக் கப்பல்கள் என்பது அதன் இலக்கு. எனக்கு அந்த 250-ஐவிட, அதில் மாலுமிப் பயிற்சிக்கும் தளத் தொழிலாளருக்கும் இடம் இருப்பதுதான் கவனிக்கத் தோன்றியது.

எதிர்த்தரப்பும் குடிமக்கள்தான்

கப்பல் கேட்பவர்கள் மட்டும்தான் குடிமக்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 1920 முதல் ஜோன்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குச் சரக்கு போக வேண்டுமென்றால், கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக, அமெரிக்க மாலுமிகள் ஓட்டுவதாக இருக்க வேண்டும். தளங்களுக்கு இது உயிர்நாடி. ஹவாய், போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர்களோ, எங்கள் கடையில் அரிசியும் சோப்பும் விலை ஏறுவது இதனால்தான் என்று புலம்புகிறார்கள். 2017-ல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் துவம்சம் செய்தபோது இந்தச் சட்டத்தைப் பத்து நாள் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பிலடெல்பியா தளத்தில் மூன்று சரக்குக் கப்பல்களுக்கு 2022-ல் மேட்சன் நிறுவனம் கொடுத்த ஆர்டர் சுமார் 100 கோடி டாலர். ஆசியாவில் இதே அளவுக் கப்பலின் விலை இதில் ஒரு சிறு பங்குதான். அந்த வித்தியாசத்தை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டும், ஒன்று வரியாக, இல்லையென்றால் மளிகைக் கடையில். கப்பல் இயக்கம் இதை ஒளிக்காமல் சொன்னால் அதை நம்பலாம். ‘வேலையும் பெருகும், செலவும் ஆகாது’ என்று சொன்னால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம்.

அதேபோல, பணத்தைக் கொட்டினால் மட்டும் கப்பல் வராது என்பதும் உண்மை. கான்ஸ்டலேஷன் என்ற போர்க்கப்பல் வகைக்கு 2020-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஏற்கெனவே ஐரோப்பாவில் ஓடும் கப்பலின் மாதிரி, சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார்கள். கட்டத் தொடங்கியபிறகும் வடிவமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மூன்று ஆண்டு தாமதம். 2025 நவம்பரில், முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ரத்து செய்தார்கள். இதில் கடற்படையின் குழப்பமும் தளத்தின் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்தே இருந்தன. கப்பல் வேண்டும் என்று முழங்கும் சங்கங்கள் இந்த மாதிரி நேரத்தில் தணிக்கையாளரைப்போல் கேள்வி கேட்பதும் அவர்கள் வேலைதான். பெரும்பாலும் கேட்பதில்லை.

சரி, பிலடெல்பியா என்ன ஆனது? கடற்படை போன இடத்தின் ஒரு பகுதியில், நிறைய அரசுப் பணத்தின் உதவியோடு, 1990களின் இறுதியில் ஒரு நார்வே நிறுவனம் வணிகக் கப்பல் தளம் தொடங்கியது. அது தட்டுத்தடுமாறி ஓடியது, ஆர்டர் வந்தால் ஆட்கள், வராவிட்டால் ஆட்குறைப்பு. 2024 டிசம்பரில் தென்கொரியாவின் ஹன்வா நிறுவனம் 10 கோடி டாலருக்கு அதை வாங்கியது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கப்பல் கட்டும் தளத்தை இருபதுவரை கொண்டுபோவோம் என்கிறார்கள். அவ்வளவு ஆகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கொரியாக்காரர்களுக்குக் கப்பல் கட்டத் தெரியும், அதில் சந்தேகமில்லை. அதைக் கற்றுக்கொள்ள பிலடெல்பியாவின் டெலவேர் ஆற்றங்கரையில் எத்தனை இளைஞர்கள் வருவார்கள் என்பதில்தான் சந்தேகம்.

2025 ஆகஸ்டில் அங்கே ஒரு கப்பலுக்குப் பெயர் சூட்டினார்கள். தென்கொரிய அதிபர் லீ ஜே மியுங் நேரில் வந்திருந்தார். அது போர்க்கப்பலும் இல்லை, சரக்குக் கப்பலும் இல்லை. மெய்ன் மாநிலத்தின் கடல்சார் கல்லூரி மாணவர்கள் ஏறிக் கப்பல் வேலை பழகுவதற்கான பயிற்சிக் கப்பல்.